பதில் சொல்லுமுன் திரும்பிப் பார்த்தவர்

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் நாட்டில் மலாய் மொழியில் ஜுருபஹாசா என்பார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் என்னை வக்கீல் என்று நினைத்துக்கொண்டு வீட்டுத் தகராறைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர், "தமிழும் மலாயும் தெரிஞ்சா போதும்தானே, அதுக்கு ஒரு உத்தியோகமா?" என்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் 'கவர்மெண்ட் வேலை' என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன்.

போன மாதம் வனிதா தொலைபேசியில் கூப்பிட்டார். நான் வேலை பார்த்த நீதிமன்றத்தில் இப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர். பயிற்சி வகுப்பில் நியூரம்பர்க் விசாரணையைப் பற்றி ஒரு முழுக் காலைப்பொழுது பாடம் நடத்தினார்களாம். "நாஜி கதை நமக்கு எதுக்கு சார்? அது எப்பவோ முடிஞ்சது. நாங்க இங்க மோட்டர் திருட்டு கேஸ் பாத்துக்கிட்டு இருக்கோம் லா," என்றார். "இப்பல்லாம் கோர்ட்டுல கேமரா இருக்கு, மைக் இருக்கு. நாங்க எதையாவது கவனிக்காம விட்டாலும் அது பதிவாயிடும்," என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. போனில் கோபப்பட்டால் இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று வீட்டில் திட்டுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தம்போய் என்ற ஊரில் பள்ளிப் படிப்பை முடித்தேன், தேர்வு எழுதினேன், எடுத்துக்கொண்டார்கள். தலைமை மொழிபெயர்ப்பாளர் காதர் சாருக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, பார்த்துக் கற்றுக்கொள் என்றார்கள். பார்த்தேன். அவ்வளவுதான்.

காதர் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். தலையில் சொங்கோக் தொப்பி, கையில் பால் விடாத காப்பி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அப்போது நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும், அதுவே தண்டனை. "சாட்சி 'நான்'னு சொன்னா நீயும் 'நான்'னுதான் சொல்லணும்," என்பார். "'அவர் இப்படிச் சொல்றார்'னு சொன்னா நீ தள்ளி நிக்கிறேன்னு அர்த்தம். தள்ளி நிக்க உனக்கு சம்பளம் கிடையாது." சாட்சி கெட்ட வார்த்தை பேசினால் நாமும் அதே அளவு கெட்ட வார்த்தையைத்தான் மலாயில் சொல்ல வேண்டும். "நாக்கு கூசுதுன்னா வீட்டுக்குப் போய் வாயைக் கழுவு. இங்க கழுவாதே."

அந்த நாட்களில் நீதிபதிகள் எல்லாவற்றையும் கையால்தான் எழுதுவார்கள். சாட்சி ஒரு வாக்கியம் சொல்ல, நாம் அதை மலாயில் சொல்ல, நீதிபதி எழுதுவார். பேனா நின்ற பிறகுதான் அடுத்த வாக்கியம். அதனால் ஒரு கண் சாட்சி மேல், ஒரு கண் பேனா மேல். சாட்சி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலையாட்டல் காகிதத்தில் தானாக ஏறாது. "'சாட்சி தலையாட்டுகிறார்'னு சொல்லு. எதுக்கு ஆட்டினார்னு சொல்லாதே. அது உன் வேலை இல்ல." இந்த விதியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது இதுதான்.

வேலைக்குச் சேர்ந்து பல வருடங்களுக்குப் பிறகு எங்களையும் தலைநகருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நியூரம்பர்க் விசாரணையின் பழைய படத்தைப் போட்டுக் காட்டினார். போரில் தோற்ற நாஜித் தலைவர்கள் காதில் கருவியோடு இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் மொழிபெயர்ப்பாளர்கள். பேசுகிறவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும், அடியோடு நிறுத்த வேண்டுமானால் சிவப்பு விளக்கு. எங்களுக்கு அந்த விளக்குதான் பிடித்துப்போயிற்று. நம் வக்கீல்களுக்கு முன்னால் இப்படி ஒன்று வைத்தால் எப்படி இருக்கும் என்று சிரித்தோம். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களில் சிலர் யூதர்கள் என்றார். தங்கள் இனத்தையே கொன்று குவித்தவர்களின் வாக்குமூலத்தை 'நான் செய்தேன், நான் செய்தேன்' என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது என்றார். எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

நாஜிகள் ஒரே இரவில் கொலைகாரர்களாக வந்து இறங்கவில்லை என்பதை அவர் பொறுமையாகச் சொன்னார். தேர்தலில் நின்றார்கள். சட்டப்படி பதவிக்கு வந்தார்கள். முதலில் யூதர்களின் கடைகளுக்குப் போகாதே என்றார்கள். பிறகு அரசு வேலைகளிலிருந்து அவர்களை நீக்கினார்கள். பிறகு யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு படியிலும் ஜனங்கள், இதோடு நின்றுவிடும் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். அந்த வருடங்கள் முழுக்க அங்கே நீதிமன்றங்களும் நடந்தன என்றார் அவர். காலையில் கதவைத் திறந்தார்கள், வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள், நீதிபதி எழுதினார், உங்களைப் போன்ற ஊழியர்கள் நேரத்துக்கு வந்து வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் விசாரணை என்று வந்தபோது மேலே இருந்தவர்கள், கீழே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்றார்கள். கீழே இருந்தவர்கள், மேலிடத்து உத்தரவு என்றார்கள். உத்தரவைச் சொல்லித் தப்பிக்க முடியாது, வேண்டுமானால் தண்டனையைக் குறைப்பதற்குப் பார்க்கலாம் என்பது அந்த நீதிமன்றத்தின் விதி.

எனக்கு அப்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. தோட்டத் தொழிலாளியான அவர், ஜப்பான்காரர் ஆட்சியில் சயாம் ரயில் பாதை போடப் போய் உயிரோடு திரும்பி வந்த சிலரில் ஒருவர். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒன்றை மட்டும் சில தடவை சொல்லியிருக்கிறார், தோட்டத்துக் கங்காணியான மண்டோரைப் பற்றி. "ஜப்பான்காரன் எங்க லயத்துக்கு வரவே இல்லடா. வந்து கதவத் தட்டுனது நம்ம மண்டோர்தான். மண்டோர் கூப்பிட்டா எந்திரிச்சுப் போயித்தான் பழக்கம். போனோம்."

இனி அந்த வழக்கு.

கெலாங் பாத்தா பக்கம் தொழிற்சாலை ஆட்கள் தங்கும் ஒரு ஹாஸ்டல். அங்கே சரவணன் என்பவர் ஜாகா வேலை பார்த்தார், அதாவது காவலாளி. ஐம்பது வயது இருக்கும். பெக்கான் நானாஸ் பக்கத்து அன்னாசித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மனைவி, பிள்ளைகளோடு ஹாஸ்டல் வளாகத்திலேயே கம்பெனி கொடுத்த வீட்டில் இருந்தார். ஹாஸ்டலின் மேனேஜர் மோகன், அவரும் நம்மவர்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த கருப்பையா என்ற பையன், வயது இருபத்து மூன்றோ நாலோ, அங்கிருந்து ஓடப் பார்த்திருக்கிறான். பஸ் நிற்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு வந்து, பின்பக்கத்து ஸ்டோரில் அடைத்து, ரப்பர் குழாயால் அடித்திருக்கிறார்கள். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. கூட இருந்த பையன்கள் சேர்ந்து கதவை உடைத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனதால் விஷயம் வெளியே வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் சரவணன் ஒருவர்தான். சட்டவிரோதமாக அடைத்து வைத்தது, கொடுங்காயம் விளைவித்தது என்று இரண்டு குற்றச்சாட்டு.

அன்றைக்கு நீதிபதி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. எங்கள் வழக்கப்படி 'புவான்' என்று அழைப்போம். மூக்குக் கண்ணாடியை நுனிமூக்கில் விட்டுக்கொண்டு எழுதுவார். அவசரப்படுத்துகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. சரவணனுக்கு வக்கீல் இல்லை. மலாய் நன்றாகத் தெரிந்தவர்தான். ஆனாலும் பெரிய குற்றச்சாட்டு என்பதால் தமிழில் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

குற்றச்சாட்டை மலாயில் வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்.

"புரிஞ்சதுங்களா?"

"புரிஞ்சதுங்க சார்."

"குத்தத்த ஒத்துக்கறீங்களா, இல்ல விசாரணை வேணுமா?"

சரவணன் என்னைப் பார்க்கவில்லை, நீதிபதியையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே கைகளைக் கட்டிக்கொண்டு, மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் லேசாகத் தலையை அசைத்தார்.

"ஒத்துக்கறேங்க," என்றார் சரவணன்.

ஒத்துக்கொண்டால் ஜெயிலுக்குப் போக நேரிடும் என்பதை விளக்கிச் சொல்வது என் கடமை. சொன்னேன். மறுபடி அந்தக் கழுத்து திரும்பியது. மறுபடி பின்னால் ஒரு தலையசைப்பு. "தெரியுங்க சார்." அடுத்த கேள்வி, யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ இப்படிச் சொல்லச் சொன்னார்களா என்பது. இதைக் கேட்கும்போதும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான், "அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க," என்றார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. வெளியாள் யாராவது வந்து லயத்தில் கேள்வி கேட்டால், கேட்கப்பட்டவர் முதலில் மண்டோரைத்தான் பார்ப்பார். மண்டோர் கண் காட்டினால் பதில் வரும். இல்லாவிட்டால் "தெரியலீங்க" என்பது பதில். பெயர் என்ன என்று கேட்டால்கூடச் சிலர் அப்படித்தான் செய்வார்கள். அது மரியாதை, அது பழக்கம். என் அப்பாவுக்கும் இருந்தது. என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் கேட்ட கேள்விக்கு அவர் வாசலைத் திரும்பிப் பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். மண்டோர் அங்கே இல்லை, தோட்டத்தில் இருந்தார்.

நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அடுத்த வழக்கின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பேசிய வார்த்தையெல்லாம் சரியாக மொழிபெயர்க்கப்பட்டு, சரியாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த அறையில் எல்லாமே ஒழுங்காக நடந்தது. அந்த ஓய்வுபெற்ற நீதிபதி சொன்னது எனக்கு உறைத்தது அந்த நேரத்தில்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் சிறிது நேரத்தில் சரவணன் ஜெயிலுக்குப் போவார், பின்வரிசைக்காரர் காரை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போவார். யாரும் எந்த விதியையும் மீறியிருக்க மாட்டார்கள்.

பயமாகத்தான் இருந்தது. மொழிபெயர்ப்பாளன் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டான் என்று ஒரு புகார் போனால் போதும், வேலைக்கே உலை. 

"புவான்," என்றேன் மலாயில். "ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லுமுன் குற்றம் சாட்டப்பட்டவர் திரும்பிப் பின்வரிசையைப் பார்க்கிறார்."

நீதிபதி தலையை நிமிர்த்தினார்.  பிறகு பின்வரிசையைப் பார்த்து, "யார் நீங்கள்?" என்றார். அந்த மனிதர் எழுந்து, நான் இவருடைய மேனேஜர், பெயர் மோகன், ஆதரவாக வந்திருக்கிறேன் என்று நல்ல மலாயில் சொன்னார். வெளியே போய் இருங்கள் என்றார் நீதிபதி.

கதவு மூடியது. நீதிபதி சொன்னபடி முதலிலிருந்து கேட்டேன். "குத்தத்த ஒத்துக்கறீங்களா?"

சரவணன் மூடிய கதவைப் பார்த்தார். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ அதையே சொல்லிடறேங்க சார்."

எத்தனையோ கொலை வழக்கு, கற்பழிப்பு வழக்கு பார்த்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்தைப் போல எதுவும் என்னைக் கலக்கியதில்லை. ஒரு மண்டோரை வெளியே அனுப்பினோம். அடுத்த நிமிடமே அந்த மனிதர் என்னை மண்டோராக்கிக்கொண்டார். அதையும் 'நான்' என்றே மொழிபெயர்த்தேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இந்த ஒப்புதலை ஏற்க முடியாது, விசாரணைக்குப் போகட்டும், இவருக்கு ஒரு வக்கீலுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்றார்.

நடையில் சரவணனின் மனைவி பார்வதி என்னை மறித்தார். அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிடும், வீட்டுல இருந்துக்கலாம்னு மேனேஜர் சொன்னாரு சார். இப்ப அவரு மூஞ்சிய எப்படிப் பாக்கிறது? உங்கள யாரு சொல்லச் சொன்னா?"

"எனக்கு அதப்பத்திப் பேச அனுமதி இல்லம்மா," என்றேன்.

"உள்ள மட்டும் பேசுனீங்க," என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, எனக்கு வலித்தது. அந்த மாதமே கம்பெனி வீட்டைக் காலி செய்து, பெக்கான் நானாஸில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது.

மறுநாள் காலையில் காதர் சார் கூப்பிட்டார். மோகனின் வக்கீல் வாய்மொழியாகப் புகார் சொல்லியிருந்தார். காதர் சார் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு மிக மெதுவாகப் பேசினார். நான் குனிந்தேன்.

"என்ன சொன்னே? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

சொன்னேன்.

"'அனுமதி கேட்டு'ப் பார்த்தார்னு சொன்னியா?"

"இல்ல சார்."

"'பயந்து'?"

"இல்ல சார்."

"மேனேஜரைக் கையக் காட்டினியா?"

"இல்ல சார். பின்வரிசைன்னு மட்டும் சொன்னேன்."

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "மனசுல அதெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"இருக்கட்டும். வாயில வரல. நீ பார்த்தத சொன்னே, நெனச்சத சொல்லல. யார் கேட்டாலும் நான் பேசிக்கறேன்." காப்பியை இழுத்துக்கொண்டார். நான் வாசல் வரை போன பிறகு, "நானா இருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல," என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

போலீஸ் மறுபடி விசாரித்தபோது, மோகன் ஏன் முதலில் சிக்கவில்லை என்பது தெரிந்தது. கருப்பையாவுக்கு மலாய் தெரியாது. அவன் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு சொன்னதையெல்லாம் போலீசுக்கு மலாயில் சொன்னது யார் என்றால், உதவிக்கு வந்த மோகன்தான். எங்கள் தொழிலைப் பற்றி மோகனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. யாருடைய வாய் நடுவில் இருக்கிறதோ அவருக்குத்தான் அதிகாரம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த முறை கருப்பையாவின் வாக்குமூலத்துக்கு வேறு மொழிபெயர்ப்பாளரை அனுப்பினார்கள். அதன் பிறகு மோகனும் கூண்டில் ஏறினார், அடிக்கத் தூண்டியவர் என்று.

விசாரணையில் கருப்பையா ஊன்றுகோலோடு வந்து சாட்சி சொன்னான். நான் அவனுக்கு வாயாக இருந்தேன். "என்னை அடித்தவர் இவர். நிறுத்தாதே என்று சொன்னவர் அவர்." மோகன் தன் முறை வந்தபோது மலாயிலேயே பேசினார். தான் அடிக்கச் சொல்லவில்லை, புத்தி சொல்லத்தான் சொன்னதாகச் சொன்னார். ஆட்கள் ஓடினால் மேலிடம் தன்னைத்தான் கேட்கும் என்றார். ஸ்டோரை 'ஓய்வறை' என்றார். கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு அந்தப் பழைய படம் ஞாபகம் வந்தது. நாஜிகளும் ஆட்களைக் கொல்ல ஏற்றிப்போன ரயிலைக் குடியேற்றம் என்றுதான் எழுதி வைத்தார்கள். அழுக்கு வேலைக்கு எப்போதும் துவைத்த வார்த்தை கிடைத்துவிடுகிறது.

சரவணனின் குறுக்கு விசாரணைதான் கடினமாக இருந்தது. மோகனின் வக்கீல் விடாமல் கேட்டார். "உங்களைக் கட்டிப்போட்டு அடிக்க வைத்தார்களா?"

"இல்லீங்க."

"துப்பாக்கியைக் காட்டினார்களா?"

"இல்லீங்க."

"முடியாது என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?"

  சரவணன் சொன்னார், "அப்படி ஒரு வார்த்தைய நான் எந்த மேனேஜர்கிட்டயும் சொன்னதில்லீங்க. எப்படிச் சொல்றதுன்னே தெரியாது."

அதை மலாயில் 'நான்' என்றே சொன்னேன். மொழிபெயர்ப்பு என்பதற்காக மட்டும் அல்ல. காதர் சார் அறையில் குனிந்து நின்றவனும் நான்தானே. பதவியில் உள்ள யாரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று நானும் சொன்னதில்லை. என்னிடம் யாரும் ரப்பர் குழாயைக் கொடுக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். வனிதா, நாஜி கதை நமக்கு எதற்கு என்று கேட்டீர்கள். இதற்குத்தான். அந்த ஆட்களை ராட்சசர்கள் என்று வைத்துக்கொண்டால் நமக்கு நிம்மதி. அவர்களில் பலர் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவர்கள். கேமரா இதை எல்லாம் பதிவு செய்யும் என்கிறீர்கள். பதிவு செய்யட்டும். அன்றைக்கு அந்த அறையில் கேமரா இருந்திருந்தாலும் சரவணன் திரும்பிப் பார்த்ததை அது பதிவு செய்திருக்கும், அவர் ஜெயிலுக்குப் போயிருப்பார். பார்த்தவர் ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

தீர்ப்பில் இருவரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. மோகனுக்கு அதிகம், சரவணனுக்குக் குறைவு. உத்தரவுக்குப் பணிந்தது தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம், குற்றத்தைத் துடைக்காது என்று எழுதியிருந்தார். இதையே எங்கோ கேட்டிருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது.

தண்டனையை அறிவிக்குமுன், ஏதாவது சொல்ல விருப்பமா என்று இருவரையும் கேட்டார். மோகனின் வக்கீல் அவருடைய குடும்பம், நன்னடத்தை, சர்க்கரை நோய் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். சரவணனின் வக்கீல் எழுந்திருப்பதற்குள் சரவணன் கையைத் தூக்கினார்.

"நான் பேசலாங்களா?"

நீதிபதி சரி என்றார். சரவணன் திரும்பினார். பின்வரிசையைத்தான் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். மோகன் அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார், அவரையும் பார்க்கவில்லை. தீர்ப்பைக் கேட்க வந்து ஓரத்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கருப்பையாவைப் பார்த்தார்.

"தம்பி, அடிச்சது நான்தான்பா. அவரு சொன்னாரு, ஆனா அடிச்சது நான். எனக்கும் உன் வயசுல ஒருத்தன் இருக்கான். அடிக்கறப்ப எனக்கும் தாங்கல. நான் அழுதேன், நீ பாத்தே. என்னை மன்னிச்சிடுப்பா."

நான் மலாயில் சொல்லத் தொடங்குவதற்குள் கருப்பையா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்துவிட்டான். பார்வையாளர் பகுதியில் இருப்பவர் பேசக்கூடாது. போலீஸ்காரர் ஓரடி முன்னால் வந்தார், நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

கருப்பையா சத்தம் போடவில்லை. ஏதோ தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் போலத்தான் கேட்டான்.

"ஆமாண்ணே, அழுதுகிட்டேதான் அடிச்சீங்க. உங்களப் பாத்து எனக்கே பாவமா இருந்துச்சு. அழ முடிஞ்சுச்சுல்ல, நிறுத்த முடியலயா?"

இருவரும் என்ன பேசினார்கள் என்று நீதிபதி கேட்டார். சரவணன் சொன்னதை முதலில் சொன்னேன். பிறகு கருப்பையா கேட்டதை, ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல், என் வாயால் மலாயில் கேட்டேன். சரவணனுக்குத்தான் இரண்டு மொழியும் தெரியுமே. அந்தக் கேள்வியை அவர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு நின்றார். முதலில் தமிழில், அவன் வாயால். பிறகு மலாயில், என் வாயால்.